பழைய டிராவல் டிரெய்லரில் குழந்தைகளுடன் முதல் முகாம்: எதை எதற்கு முன் செய்ய வேண்டும்?

காரின் பின்னால் மாட்டி இழுத்துச் சென்று உள்ளே தங்கும் டிராவல் டிரெய்லர் ஒன்றை, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள பழைய வண்டியை, வாங்கியிருப்பதாகவும், இரண்டு சிறு குழந்தைகளுடன் முதல் முகாமுக்குப் புறப்படவிருப்பதாகவும், பாதுகாப்புக்கும் வசதிக்கும் என்னென்ன வாங்கிவைக்க வேண்டும் என்று விசாரித்தால் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி பொருள்களைப் பற்றியதாக இருந்தாலும், அதற்குள் இருக்கும் கவலை வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வண்டியை நம்பிக் குழந்தைகளைத் தூங்க வைக்கலாமா, அதற்கு நான் எதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கவலை. டிரெய்லர்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன், குடும்பத்தோடு அவற்றில் தங்கிப் பழகியவன் என்ற முறையில் விடை சொல்கிறேன். பட்டறைக்கு வந்து நான் பார்த்த சேதங்களில் பெரும்பகுதி, ஏதோ ஒரு கருவி கையில் இல்லாததால் நேர்ந்தது என்று சொல்ல முடியாது. பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்ததாலும், முன்னால் செய்ய வேண்டியதை அவசரத்தில் விட்டதாலும் நேர்ந்தவையே அதிகம். ஆகவே வேலைகளின் வரிசையைச் சொல்லிக்கொண்டு போகிறேன். பொருள் தேவைப்படும் இடத்தில் பொருளையும் சொல்கிறேன்.

முதலில் எடை. டிரெய்லரின் வெளிச்சுவரிலோ கதவருகிலோ ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில் அது தாங்கக்கூடிய உச்ச எடை குறிக்கப்பட்டிருக்கும். விற்கிறவர்கள் சொல்லும் வெற்று எடையில் நீங்கள் ஏற்றப்போகும் தண்ணீர், உணவு, துணிமணி, படுக்கை, கருவிகள் எவையும் அடங்கா. பல நேரங்களில் பேட்டரியும் நிரப்பிய எரிவாயு சிலிண்டர்களும்கூட அடங்கா. 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதில் மட்டும் 150 கிலோ கூடிவிடுகிறது. மனக்கணக்குப் போடாமல், பயணத்துக்கு ஏற்றிய நிலையிலேயே ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். மொத்த எடையைப் போலவே முக்கியமானது, டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கி மீது அழுத்தும் எடை. வட அமெரிக்க வகை டிரெய்லர்களில் அது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது நிலைபெற்ற விதி. 2,000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ. ஐரோப்பியக் கேரவன்களில் இது குறைவாகவே வகுக்கப்படுகிறது என்பதால், உங்கள் வண்டிக்கு அதன் கையேடு சொல்வதே இறுதி. இந்த எடை முழுவதையும் கார் சுமக்கிறது. காரில் ஏறும் ஆட்களின் எடையோடும் பொருள்களின் எடையோடும் இதைச் சேர்த்துத்தான் காரின் சுமைத்திறனைப் பார்க்க வேண்டும். கார் எவ்வளவு இழுக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு, எவ்வளவு சுமக்கும் என்று கேட்காமல் விடுகிறவர்கள் மிகப் பலர்.

கொக்கி எடை குறைந்து பின்பகுதி கனத்தால், ஒரு வேகத்துக்கு மேல் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையே திருப்பிப் போட்டுவிடும். கனமான பொருள்களைச் சக்கர அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னேயும், தரையோடு ஒட்டி, நகராதபடி வைப்பதே இதைத் தடுக்கும் வழி. பின்சுவருக்கு வெளியே மிதிவண்டிகளையும் பெட்டிகளையும் தொங்கவிடுவது இதற்கு நேர் எதிரான செயல். ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த நொடியில் கையும் காலும் தாமாகச் செய்ய முனைவது பெரும்பாலும் தவறானதாகவே இருக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இயக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் கையால் இயக்குங்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதிப்பது, ஆட்டத்துக்கு எதிராகத் திருப்புவது, வேகத்தைக் கூட்டி நேராக்கிவிடலாம் என்று பார்ப்பது ஆகிய மூன்றும் நிலைமையை மோசமாக்கும். ஆட்டத்தைத் தணிக்கும் ஹிட்ச் (காரையும் டிரெய்லரையும் இணைக்கும்) அமைப்புகள் விற்கின்றன, அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் தவறாக ஏற்றிய சுமையை அவை மறைக்கத்தான் செய்யும். சுமையைச் சரிசெய்த பிறகு அவற்றைப் பற்றி யோசியுங்கள்.

வண்டி பழையது என்பதால் டயரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார் டயர் ஓடித் தேய்கிறது. டிரெய்லர் டயரோ ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் நின்றே வயதாகிறது. மேற்பரப்பின் வரிகள் புதிதுபோல் இருக்கும்போதே உள்ளே ரப்பர் இறுகி வலுவிழந்திருக்கும். பக்கச் சுவரில் பொறித்திருக்கும் உற்பத்திக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். எத்தனை ஆண்டுகளில் மாற்றுவது என்பதில் தொழிலில் இருப்பவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஐந்து என்பார்கள், ஏழு என்பார்கள். ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட டயரோடு நெடுஞ்சாலையில் ஏற நான் துணிய மாட்டேன், வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் வயதையே பார்க்க மாட்டேன். காற்றழுத்தத்தைப் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, தகட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். குறைந்த காற்றோடு ஓடும் டயர் சூடேறிக் கிழிகிறது. கிழிந்து சுழலும் ரப்பர் சக்கரத்துக்கு மேலுள்ள தரையையும், அருகில் செல்லும் கம்பிகளையும், சில வண்டிகளில் எரிவாயுக் குழாயையும் அறுத்துவிடுகிறது. பல டிரெய்லர் டயர்கள் மணிக்கு 65 மைல், அதாவது ஏறத்தாழ 105 கிலோமீட்டர் வேகத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. அண்மைக்காலத்தில் வந்தவற்றில் இதைவிட அதிக வேகம் பொறிக்கப்பட்டிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கொண்டு நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

காரோடு இணைக்கும்போது, கப்ளர், அதாவது டிரெய்லரின் முன்முனையிலுள்ள கவ்வி, காரின் கொக்கிப் பந்தின் மீது முழுமையாக அமர்ந்ததா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். பூட்டி, பூட்டுக்கான ஊசியையும் செருகிய பிறகு, முன் ஜாக்கியைச் சற்று உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பகுதியும் சேர்ந்து உயர்ந்தால் பிடிப்பு சரி, கப்ளர் மட்டும் தனியாக எழும்பினால் அது பந்தைப் பிடிக்கவில்லை. காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட்டு மாட்டுங்கள், கப்ளர் கழன்றாலும் முன்முனை தரையில் குத்தாமல் அவற்றின் மேல் தங்கும். டிரெய்லர் பிரிந்துபோனால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதைச் சங்கிலியில் மாட்டாமல் காரின் உறுதியான பகுதி ஒன்றில் தனியாக மாட்ட வேண்டும். அந்தப் பிரேக் டிரெய்லர் பேட்டரியின் மின்சாரத்தில் இயங்குவது, பேட்டரி செத்திருந்தால் கம்பி இருந்தும் பயனில்லை. ஆள் நடமாட்டமில்லாத வெளி ஒன்றில் மெதுவாக ஓட்டி டிரெய்லர் பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்த பிறகே சாலையில் ஏறுங்கள். இறக்கங்களில் கீழ் கியரில் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். ஓடும்போது டிரெய்லருக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. குழந்தை தூங்கிவிட்டது, எழுப்ப வேண்டாமே என்ற இரக்கம் இந்த ஓர் இடத்தில் வேண்டாம். உள்ளே இருக்கைப் பட்டையும் இல்லை, மோதலைத் தாங்கும் சட்டமும் இல்லை.

முகாமிடத்துக்கு வந்ததும் வண்டியை உள்ளே விடுவதற்கு முன் இறங்கி நடந்து பாருங்கள். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா, தரை மழை வந்தால் ஓடையாகும் பள்ளமா, கூரையோ ஏசி பெட்டியோ கம்பியில் தட்டுமா, மின் இணைப்புக் கம்பமும் தண்ணீர்க் குழாயும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பவற்றை அப்போதுதான் பார்க்க முடியும். பின்னோக்கி விடும்போது வழிகாட்ட ஒருவர் நிற்க வேண்டும், அவர் கண்ணாடியில் தெரியாத நொடியிலேயே நீங்கள் நிறுத்திவிட வேண்டும். குழந்தைகளை அந்த நேரத்தில் ஒரே இடத்தில், ஒருவரின் கைப்பிடியில் வைத்திருங்கள். அதன்பின் வரும் வேலைகளில் வரிசை மாறவே கூடாது. பக்கவாட்டு மட்டத்தை முதலில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரங்களை மட்டக் கட்டைகளின் மேல் ஏற்ற வேண்டும், ஏனெனில் காரிலிருந்து பிரித்த பிறகு இதைச் செய்ய முடியாது. பிறகு இரு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் அடைகட்டை வைக்க வேண்டும். அதன் பிறகே காரிலிருந்து பிரிக்க வேண்டும். முன்பின் மட்டத்தை முன் ஜாக்கியால் சரிசெய்து, இறுதியில் நான்கு மூலைத் தாங்கிகளையும் இறக்க வேண்டும். கொக்கியைக் கழற்றிய கணத்தில் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டிருப்பவை அந்த அடைகட்டைகள் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். மூலைத் தாங்கிகள் உள்ளே நடக்கும்போது ஏற்படும் ஆட்டத்தைக் குறைப்பதற்கானவை. அவற்றால் வண்டியைத் தூக்கி மட்டம் செய்ய முயன்றால் அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டு, கதவு மூடாமல் போகும்.

மட்டம் என்பது கட்டிலில் உருளாமல் படுப்பதற்காக மட்டும் தேவைப்படுவதில்லை. பழைய டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் உறிஞ்சுவகை ஃபிரிட்ஜ். அதில் பம்பு கிடையாது. அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே குழாய்களில் இறங்கி ஓட வேண்டும். சாய்ந்து நிற்கும் வண்டியில் அது தேங்கிச் சூடேறி, குளிரூட்டும் பகுதி நாளடைவில் நிரந்தரமாகக் கெட்டுவிடும். 12 வோல்ட் கம்பிரசர் ஃபிரிட்ஜ் என்றால் இந்தக் கவலை பெரிதும் இல்லை.

மின்சாரத்தில் மனிதரைத் தாக்கும் ஆபத்தும் கருவியைக் கெடுக்கும் ஆபத்தும் தனித்தனியானவை. டிரெய்லர் ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்பதால், முகாமிடத்து மின் இணைப்பில் எர்த் அறுந்திருந்து, வண்டிக்குள்ளும் ஒரு கசிவு இருந்தால், வெளி உலோகம் முழுவதும் மின்னேறி நிற்கக்கூடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவுப்பிடியைத் தொடுகிறவரின் உடல் வழியாகத்தான் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போகும். கைப்பிடியில் லேசாகச் சுருக்கென்றது என்று எவரேனும் சொன்னால், அதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளாமல், எல்லாரையும் விலக்கி, கம்பத்திலுள்ள பிரேக்கரை அணைத்துவிடுங்கள். காரணம் தெரியும்வரை மறுபடி இணைக்க வேண்டாம். இதைத் தவிர்க்க, இணைக்கும் முன்பே கம்பத்தைச் சோதிக்கும் கருவி ஒன்று வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் தானாகவே துண்டிக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். 120 வோல்ட் அமைப்பில் அழுத்தம் 105-க்குக் கீழே இறங்கினால் ஏசி கம்பிரசர் சூடேறிச் சேதமடையத் தொடங்கும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிளக்கைச் செருகி, பிறகு போடுங்கள். கழற்றும்போதும் அணைத்த பிறகே கழற்றுங்கள். 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் இணைப்பு தருவது 3,600 வாட், 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் தருவது 3,680 வாட். ஏசியும் மைக்ரோவேவும் வெந்நீர்க் கருவியும் ஒன்றாக ஓட இது போதாது. அடாப்டர் மாட்டுவதால் மின்சாரம் கூடிவிடாது. சுருட்டிய நிலையில் கேபிளைப் பயன்படுத்தினால் அது சூடேறும் என்பதால் முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

இனி எரிவாயு. நான் அதிக நேரம் எடுத்துச் சொல்ல விரும்புவது இதைத்தான். டிரெய்லர் சிலிண்டரில் இருக்கும் வாயுவான புரோப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், கசிந்தால் மேலே போகாமல் தரையில் பரவித் தேங்கும். எரிவாயு அலாரம் தரைக்கு அருகில் பொருத்தப்பட்டிருப்பதற்குக் காரணம் அதுவே. பேட்டரி அழுத்தம் குறையும்போதும் அது கத்தும். நள்ளிரவில் அப்படிக் கத்தியதால் எரிச்சலடைந்து கம்பியைப் பிடுங்கிவிட்ட வண்டிகள் பட்டறைக்கு வந்திருக்கின்றன, ஆகவே உங்கள் பழைய வண்டியில் அலாரத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்றே முதலில் பாருங்கள். அலாரம் ஒலித்தால், அல்லது வாயுவுக்கு ஊட்டப்பட்ட அந்தக் கடும் நெடி வந்தால், விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல், கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் வெளியேறுங்கள்; வெளியிலுள்ள சிலிண்டர் வால்வை மூடுங்கள். காற்று முழுவதும் மாறி, கசிந்த இடம் தெரிந்து சரிசெய்யும்வரை வால்வைத் திறக்க வேண்டாம். சிலிண்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் கசிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். தீக்குச்சியை வைத்துச் சோதிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது உயிரோடு விளையாடுவது.

கசியும் வாயுவுக்கு நெடியாவது உண்டு. எரிந்த வாயுவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தில் அது அமர்ந்துகொள்கிறது, தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுகிறார். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். காய்ச்சல் இல்லாமல் குடும்பத்தில் பலருக்கும் ஒரே நேரத்தில் இப்படி வந்து, வெளியே வந்ததும் தெளிந்தால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குழந்தைகளுக்கு முந்தி வரும், அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஜெனரேட்டரைக் குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை எந்த டிரெய்லரையும் பார்க்காதபடி திருப்பி வையுங்கள். பக்கத்து இடத்துக்காரரின் ஜெனரேட்டர் உங்கள் சன்னலைப் பார்த்திருந்தாலும் அதே ஆபத்துதான், தயங்காமல் போய்ச் சொல்லுங்கள். சமையல் அடுப்பைக் குளிருக்காக எரியவிடக் கூடாது. கரி அடுப்பில் சமைத்துவிட்டு, தணல் அவிந்துவிட்டது என்று நினைத்து மழைக்காக அதை உள்ளே கொண்டுவருவதும், துணிப்பந்தலின் கீழ் மூடிய இடத்தில் வைப்பதும் கூடவே கூடாது. சாம்பல் பூத்த தணல் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டேயிருக்கும். அடுப்பைப் பற்றவைக்கும் முன் கூரை விசிறியையோ ஒரு சன்னலையோ திறப்பது என்ற வரிசையை வீட்டில் எல்லாரும் பழகிக்கொள்ள வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் தூங்கும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அதன் பின்புறத்தில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் உற்பத்தியிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகள். பொத்தானை அழுத்தினால் ஒலிப்பது, ஒலிப்பான் வேலை செய்கிறது என்பதை மட்டுமே காட்டும்; வாயுவை உணரும் பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை அது காட்டாது. ஆகவே பழைய வண்டியில் வாங்கிய அன்றே அலாரங்கள் அனைத்தையும் புதிதாக மாற்றிவிடுவதில் யோசனைக்கு இடமில்லை.

மெல்லிய மரப்பலகையும் நுரையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கூடு என்பதால், டிரெய்லரில் தீப் பிடித்தால் சில நிமிடங்களில் முழுவதும் பரவிவிடும். தீயணைப்பான் கதவருகில், வெளியேறும் வழியில் இருக்க வேண்டும். சிறு தீயை அணைக்கவும் வழி உண்டாக்கிக்கொள்ளவும் அது போதும், வண்டியைக் காப்பாற்ற அது போதாது. கதவு ஒன்றே என்பதால், படுக்கையருகிலுள்ள அவசரகாலச் சன்னல் உண்மையில் திறக்கிறதா என்பது மிக முக்கியம். பழைய வண்டிகளில் ரப்பர் ஒட்டிக்கொண்டு, பெரியவர்கள்கூட உடைக்காமல் திறக்க முடியாதபடி ஆகியிருக்கும். புறப்படும் முன் ஒரு பகலில் குழந்தைகளையே அதைத் திறந்து, நீங்கள் வெளியே நின்று தாங்க, இறங்கச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கும், ஒருமுறை செய்த குழந்தை இருட்டிலும் கைப்பிடியைத் தேடிக் கண்டுபிடிக்கும்.

வசதி என்று எடுத்துக்கொண்டால், டிரெய்லரில் தங்குகிறவர்களை மிகுதியாக வருத்துவது ஈரம். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது; அடுப்பிலும், புகைக்குழாய் இல்லாத சிறு ஹீட்டர்களிலும் அது முழுவதும் உள்ளேயே தங்குகிறது. அதோடு நால்வரின் மூச்சும், ஈரத் துணிகளும் சேர்ந்தால், குளிர்ந்த இரவில் சன்னலிலும் சுவரிலும் நீர் வடிந்து, காலையில் மெத்தையின் அடிப்புறம் நனைந்திருக்கும். சூடு வெளியே போய்விடுமே என்று எல்லாவற்றையும் இறுக மூடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. கூரைத் திறப்பை இரு விரல் அளவும், எதிர்ப்புறம் ஒரு சன்னலைச் சிறிதும் திறந்து வைத்து, வெளியே புகைபோகும் வகை ஹீட்டரை ஓட்டினால் உள்ளே உலர்ந்தே இருக்கும். மெத்தைக்கு அடியில் காற்றோடும் சட்டப்பலகை போடுங்கள். அந்த ஹீட்டரின் விசிறி பேட்டரியை விரைவாகத் தீர்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்: சாதாரண ஈய அமில பேட்டரி நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.1-க்கு வரும்போது பாதி தீர்ந்துவிட்டது. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். வெயில் காலத்தில் ஏசியின் குதிரைத்திறனைவிட நிழல் பெரிது. பிற்பகல் நிழல் விழும் பக்கம் நிறுத்தி, சன்னல்களுக்கு வெளிப்புறமாக மறைப்பிட்டாலே பெரிய வேறுபாடு தெரியும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, குடிநீருக்கென்று செய்யப்பட்ட குழாயையே பயன்படுத்தி, முகாமிடத்துக் குழாயில் ஓர் அழுத்தக் கட்டுப்படுத்தி மாட்டிக்கொள்ளுங்கள். 40 முதல் 60 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) போதும், அதற்கு மேல் பழைய இணைப்புகள் சுவருக்குள் பிரிந்துகொள்ளும். நீண்ட நாள் நின்ற வண்டியின் தொட்டியை, 60 லிட்டருக்கு ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் மணமற்ற வீட்டு பிளீச் கலந்து நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டுச் சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு நெடி போகும்வரை அலச வேண்டும். வடிகட்டியை அதற்கு முன் கழற்றிவிடுங்கள். வெந்நீர்க் கருவியில் தண்ணீர் நிறைந்ததை உறுதிசெய்யாமல் அதன் மின் சுவிட்சைப் போட்டால் சூடேற்றும் கம்பி ஒரு நிமிடத்திலேயே எரிந்துபோகலாம். கழிவறைத் தொட்டியின் வால்வைத் தங்கியிருக்கும் நாள் முழுவதும் மூடியே வைத்திருந்து, மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு திறக்க வேண்டும். எப்போதும் திறந்தே விட்டால் நீர் ஓடிவிட, திடப்பொருள் தங்கி இறுகி, பின்பு எதற்கும் கரையாது. கழிவறைத் தொட்டியை முதலில், குளியல், பாத்திரம் கழுவிய நீரின் தொட்டியைப் பிறகு திறந்தால், அந்த நீரே குழாயை அலசிவிடும். கையுறை அணியுங்கள், அந்த வேலைக்கான குழாயைக் குடிநீர்க் குழாயோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். தொட்டிக்கு எந்த இரசாயனம் சிறந்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தாராளமாகத் தண்ணீர் விடுவதற்கு நிகராக அவற்றில் எதுவும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

டிரெய்லரை மெல்லக் கொல்வது மழைநீர். கூரை விளிம்பிலும், கூரைத் திறப்புகளைச் சுற்றியும், மூலைகளிலும் நீர் புகாதபடி பூசிய சீலண்ட் வெயிலில் வெடித்து, மயிரிழையளவு வழியில் இறங்கும் நீர், உள்ளே கறை தெரிவதற்கு முன்பே மரச்சட்டத்தை மக்கச் செய்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சுவரைக் கட்டைவிரலால் அழுத்தும்போது மெத்தென்று உள்வாங்கினால் அங்கே ஏற்கெனவே சேதம் இருக்கிறது. கூரை மேல் ஏறுவதற்கு முன் அது ஆள் எடை தாங்குமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். எல்லாக் கூரைகளும் தாங்குவதில்லை.

துணிப்பந்தலை ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டினால் மழைநீர் தேங்காது. முகாமிடத்தை விட்டு வெளியே போகும்போதும் தூங்கப் போகும்போதும் அதைச் சுருட்டிவிடுங்கள். ஒரே ஒரு பெருங்காற்று அதைக் கூரையோடு பிடுங்கிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் டிரெய்லர் தஞ்சம் புகும் இடமாகாது, கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். இடி மின்னலின்போது கண்ணாடியிழைச் சுவர் கொண்ட டிரெய்லரைவிட, உலோகக் கூரையுள்ள மூடிய கார் பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை.

கருத்து வேறுபாடு உள்ளவை சில இருக்கின்றன. ஃபிரிட்ஜை ஓடும்போது எரிவாயுவில் விடலாம் என்று பலர் பல்லாண்டு செய்துவருகிறார்கள். சிலிண்டரை மூடிவிட்டுப் புறப்படுவதே சரி என்பது என் நிலை, குளிர்ந்த ஃபிரிட்ஜ் மூடியே இருந்தால் பல மணி நேரம் தாங்கும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி ஓட்டலாமா என்பதற்குப் பொது விடை இல்லை. தொட்டி அச்சுக்கு முன்னா பின்னா இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொக்கி எடை கூடவோ குறையவோ செய்யும், எனவே நிரப்பியும் வெறுமையாகவும் எடைபோட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் வண்டியைப் பார்க்காமல் எழுத்தில் சொல்ல முடியாதவையும் உண்டு: அடிச்சட்டத்தின் துரு, சக்கர பேரிங்குகளின் நிலை, சுவருக்குள் ஓடும் எரிவாயுக் குழாயின் நிலை ஆகியவற்றை நேரில் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். எரிவாயு விதிகளும் சான்றிதழ் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், உங்கள் இடத்தில் அந்த வேலைக்கு உரிமம் பெற்றவரையே அழையுங்கள்.

வாங்க வேண்டியது என்ன என்ற உங்கள் கேள்விக்கு நேர்விடை இதுதான். முதல் பயணத்துக்கு முன் கையிலுள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால், முதலில் எரிவாயுக் குழாயின் அழுத்தச் சோதனைக்கும், புதிய எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, புகை அலாரங்களுக்கும், தீயணைப்பானுக்கும் செலவிடுங்கள். அடுத்து டயர், பேரிங், பிரேக். மூன்றாவதாக அடைகட்டை, மட்டக் கட்டை, மின் சோதனைக் கருவி, தண்ணீர் அழுத்தக் கட்டுப்படுத்தி. நாற்காலியும் தரைவிரிப்பும் அழகு விளக்கும் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கட்டும். முதல் முகாமை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள், மின்சாரமும் தண்ணீரும் உள்ள இடத்தில், இரண்டு இரவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இரவு கம்பத்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு பேட்டரியில் தங்கிப் பாருங்கள். காலையில் அது எத்தனை வோல்ட் காட்டுகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டால், மின் இணைப்பே இல்லாத இடத்துக்கு இந்த வண்டியோடு போகலாமா என்பதை அதை வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.